மினாக்ஸ் பி-யா, பென்டாக்ஸ் ஆட்டோ 110-ஆ?

குட்டி ஃபிலிம் கேமரா சேர்க்க ஆரம்பிப்பவர்கள் கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள். வால்டர் ஸாப் வடிவமைத்து, லாட்வியாவின் தலைநகர் ரீகாவில் தயாராகி 1930களின் கடைசியில் வெளிவந்த மினாக்ஸின் வழியில் 1958-இல் வந்தது மினாக்ஸ் பி. கேமராவின் உடலையே இழுத்துத் தள்ளினால் ஃபிலிம் நகர்ந்து ஷட்டரும் தயாராகிவிடும், அந்தச் சத்தத்துக்காகவே வாங்கலாம். பேட்டரி வேண்டாம், 20 செ.மீ. வரை கிட்டே போகலாம், கூடவே வரும் மணிச்சங்கிலியை நீட்டித் தூரத்தை அளந்துகொள்ளலாம். சிக்கல் ஃபிலிம்தான். அகலம் வெறும் 9.2 மி.மீ., அதனால் 35 மி.மீ. ஃபிலிமை இருட்டில் நீளவாக்கில் வெட்டிக் கேசட்டில் நாமே சுற்ற வேண்டியிருக்கும். நெகட்டிவ் 8×11 மி.மீ. என்பதால் ஒரு தூசிகூடப் பெரிதாகத் தெரியும். உள்ளே இருக்கும், வெளிச்சத்தை அளக்கும் செலினியம் மீட்டர் பலவற்றில் செத்துப்போயிருக்கும், வாங்கும்போது வெளிச்சத்தில் காட்டி முள் அசைகிறதா என்று பாருங்கள்.

1978-இல் வந்த பென்டாக்ஸ் நிஜமான எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்துப் படமெடுக்கும் வகை), லென்ஸ் மாற்றலாம். 110 கேட்ரிஜை (ஃபிலிம் உள்ளேயே இருக்கும் டப்பா) போட்டு மூடினால் வேலை முடிந்தது. லோமோகிராஃபி நிறுவனம் 2012 முதல் அந்த ஃபிலிமைத் திரும்ப விற்கிறது. நெகட்டிவும் 13×17 மி.மீ., பரப்பில் இரண்டரை மடங்கு. ஆனால் எக்ஸ்போஷர் (ஃபிலிமில் விழும் ஒளியின் அளவு) முழுக்க தானியங்கி, நம் கையில் ஒன்றும் இல்லை, பேட்டரியும் வேண்டும்.

அடிக்கடி படம் எடுப்பவர் என்றால் பென்டாக்ஸ் வாங்குங்கள். நான் வைத்துக்கொள்வது மினாக்ஸைத்தான், ஷட்டர் வேகத்தை நானே வைக்க முடிகிறதே!