நர்கிஸ், பான்ஸி: ஒரு தில்லி பால்கனியில் நான்கு குளிர்காலம்

பொங்கலுக்குள் வீட்டில் ஏதாவது பூத்திருக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. எங்களுடையது மயூர் விஹாரில் மூன்றாவது மாடி, தெற்குப் பார்த்த பால்கனி. நவம்பரோடு மல்லிகை கையை விரித்துவிடும். செம்பருத்தி இலை மஞ்சளாகி ஒரு மூலையில் நிற்கும். அதனால் 2021 தீபாவளி முடிந்த வாரம், சீக்கிரம் பூக்கும் என்று நர்சரிக்காரர் கைகாட்டிய இரண்டை வாங்கி வந்தேன்: நர்கிஸ் கிழங்கு பத்து, பல நிறத்தில், முகம் வரைந்த மாதிரி பூக்கும் பான்ஸி நாற்று ஒரு டஜன். முதல் வருடமே இதை எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நர்கிஸுக்கு ஓட்டுப் போட்டிருப்பேன்.

இங்கே நர்கிஸ் என்று விற்பது, நார்சிஸஸ் குடும்பத்தில் ஒரே தண்டில் கொத்தாகப் பூக்கும் வெள்ளைப் பூ. பேப்பர்வைட் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். டூலிப்புக்குப் பல வாரம் குளிர் காட்டினால்தான் ஒழுங்காகப் பூக்கும். பிப்ரவரியில் தில்லி சாந்தி பாத் சாலை ஓரம் நாம் நின்று படமெடுக்கும் டூலிப்புக்குப் பின்னால் அவ்வளவு ஏற்பாடு இருக்கிறது. நர்கிஸுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. எட்டு அங்குலத் தொட்டிக்கு ஐந்து கிழங்கு, கழுத்து மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரி நட்டு, ஒரு தடவை நிறைய தண்ணீர் விட்டேன். அவ்வளவுதான். மார்கழி பிறந்து நாலாம் நாள் பூத்துவிட்டது.

அந்த வாசனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதவைத் திறந்தால் கூடம் வரை வரும். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "மல்லி மாதிரியும் இருக்கு, வாடின மல்லி மாதிரியும் இருக்கு" என்றாள். அவள் மூக்கு தப்பு சொல்லவில்லை. மல்லிகை வாசத்தில் இருக்கும் இன்டோல் என்ற பொருள் இதிலும் உண்டு. திறந்த பால்கனியில் சுகம். மூடிய அறையில் இரண்டு கொத்து வைத்தால் எனக்குத் தலை கனக்கிறது. உருதுக் கவிஞர்கள் கண்ணுக்கு நர்கிஸை உவமை சொல்வார்கள், நமக்குக் குவளை. அம்மாவுக்கு அந்த உவமையெல்லாம் வேண்டாம், தொடுக்க வருமா என்பதுதான் கேள்வி. வரவில்லை. காம்பு தடிமன், உள்ளே ஈரம், நாரை இறுக்கினால் நறுக்கென்று ஒடிகிறது. வெட்டின இடத்தில் கோழை மாதிரி ஒழுகி, அன்று சாயங்காலம் வரை விரலிடுக்கை அரித்துக்கொண்டே இருந்தாள். அதன் பிறகு தண்டோடு சொம்பில் வைத்துச் சாமி முன்னால் வைப்பதோடு சரி.

அந்த வருடம் பான்ஸி படுதோல்வி. பன்னிரண்டில் ஐந்து நாற்று அழுகிப் போயிற்று. தப்பு என்னுடையதுதான். ஊர் வழக்கத்தில் தினமும் சாயங்காலம் செடி தலையிலேயே தண்ணீர் ஊற்றினேன். ஜனவரியில் இங்கே ஒரு வாரம் சேர்ந்தாற்போல் சூரியனே தெரியாது. பனிமூட்டத்தில் தொட்டி மண் காயவே காயாது. அடுத்த வருடம் செம்மண், தொழுஉரம், கோகோபீட் என்ற தேங்காய் நார்த்தூள் சம அளவு, ஒரு கை வேப்பம்பிண்ணாக்கு. விரலை விட்டுப் பார்த்து மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும், காலை பத்து மணிக்கு மேல், வேரடியில் தண்ணீர். குடியரசு தினத்தன்று எண்ணினேன்: இரண்டு நீளத் தொட்டியில் நாற்பத்தொரு பூ.

அதே இரண்டாம் வருடம் நர்கிஸ் காலை வாரியது. கத்தி கத்தியாக இலை வந்தது, ஒரு மொட்டு கூட இல்லை. காரணம் புரிய எனக்கு ஒரு குளிர்காலமே ஆயிற்று. முதல் வருடம் பூ முடிந்ததும் தொங்கிக் கிடந்த இலைகளை அசிங்கமாக இருக்கிறதென்று ஒட்ட நறுக்கியிருந்தேன். அடுத்த வருடப் பூவுக்கான சாப்பாட்டைக் கிழங்கில் சேர்ப்பதே அந்த இலைதான். வாடின பூவை மட்டும் கிள்ளிவிட்டு, மார்ச்சு கடைசியில் இலை தானாகப் பழுக்கும் வரை வெயிலில் வைத்துத் தண்ணீர் விட வேண்டும். பிறகு தண்ணீரை நிறுத்தி, கிழங்கைத் தோண்டி, நிழலில் உலர்த்தி வலைப்பையில் போட வேண்டும். தொட்டியிலேயே விட்டால் ஆடி மழையில் கூழாகிவிடும்.

வலைப்பை என்றதும் ஒன்று. நான் அதைச் சமையலறை ஆணியில், வெங்காயப் பைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு ஆபீஸ் போய்விட்டேன். சாம்பாருக்கு எடுத்த அம்மா ஒன்றைத் தோல்கூட உரித்துவிட்டாள். வெங்காய நெடி இல்லையே என்று சந்தேகப்பட்டு நிறுத்தினாள். நர்கிஸ் கிழங்கில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது, சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுவலியும் நிச்சயம். இப்போது பை பரணில், மேலே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். குழந்தையோ நாயோ இருக்கும் வீடென்றால் யோசித்து வாங்குங்கள்.

மூன்றாம் வருடம் இரண்டு பக்கமும் அதிகப்பிரசங்கித்தனம் செய்தேன். பான்ஸியை விதையிலிருந்து வளர்க்கலாமென்று செப்டம்பரில் தூவினேன். அதற்குத் தேவை 20 டிகிரியை ஒட்டிய இதம், தில்லி செப்டம்பரில் அது எங்கே? ஒரு பாக்கெட்டுக்கு மூன்று முளை. நாற்றாக வாங்குவதே மரியாதை. நர்கிஸில் பிரச்சினை வேறு: வெயில் குறைந்தால் தண்டு நெட்டையாகி, பூ பாரத்தில் குப்புற விழும். கூழாங்கல்லும் தண்ணீருமாகக் கிண்ணத்தில் வளர்க்கும்போது, வேர் பிடித்ததும் தண்ணீரில் 4 முதல் 6 சதவீதம் ஆல்கஹால் சேர்த்தால் உயரம் மூன்றில் ஒரு பங்காவது குறையும், பூ சிறுக்காது என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கண்டிருக்கிறார்கள். ஒரு பங்கு வோட்காவுக்கு ஏழு பங்கு தண்ணீர் என்று கலந்தேன். செடி குட்டையாக, நிமிர்ந்து நின்றது. பாட்டிலைப் பற்றி அம்மாவுக்கு விளக்கம் சொல்வதுதான் பெரும்பாடாகிவிட்டது. தண்ணீரில் வளர்த்த கிழங்கு சக்கையாகிவிடும், மறு வருடத்துக்கு உதவாது.

பான்ஸியில் நான் ரசிப்பது காலை வேலையை. பூ வாடினால் இதழ் சுருண்டு ஈரத் துணி மாதிரி தொங்கும். அதை மட்டும் பிய்த்தால் போதாது. அடியில் பச்சைக் காய் உருண்டு நிற்கும். அது முற்றினால் செடி வேலை முடிந்ததென்று பூப்பதைக் குறைத்துவிடும். தண்டை நகத்தால் பிடித்து அடிவரை போய்க் கிள்ள வேண்டும். காபி ஆறுவதற்குள் இரண்டு தொட்டி முடியும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கடுகுப் பிண்ணாக்குக் கரைசல். நம்மூரில் கடலைப் பிண்ணாக்கு என்றால் இங்கே கடுகுதான் மலிவு. நாலு நாள் ஊறினால் அடிக்கும் நாற்றத்துக்கு மூடி போட்ட வாளி அவசியம். கீழ்வீட்டு ஆன்ட்டி ஒருமுறை சாக்கடை அடைப்பென்று ஆளையே கூப்பிட்டுவிட்டார். பிப்ரவரியில் அசுவினிப் பூச்சி வரும், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து தெளித்தால் போதும்.

நாட்கணக்கில் பான்ஸியை அடிக்க முடியாது: டிசம்பர் கடைசியிலிருந்து ஹோலி வரை. நர்கிஸ் கொத்து ஒன்று பத்துப் பன்னிரண்டு நாள். ஆனால் பான்ஸி ஏப்ரலில் செத்துவிடும், வருடா வருடம் காசு. மே மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிற நமக்கு இரண்டுமே தோது. ஒன்று பரணில் தூங்குகிறது, இன்னொன்று இருக்கவே இருக்காது.

பால்கனியில் நாலைந்து மணி நேரம் வெயில் விழுந்து, தினம் எட்டிப் பார்க்க நேரமும் இருந்தால் பான்ஸி. நர்கிஸ் முழுநேரத் துணை இல்லை. மார்கழிக்கு வந்துவிட்டுப் போகிற விருந்தாளி. நாலாம் வருடம், இலையை வெட்டாமல் காத்த எட்டுக் கிழங்கில் ஐந்து பூத்தன. வரும் தீபாவளிக்குச் சீட்டு எழுதிவிட்டேன்: பான்ஸி நாற்று இருபத்துநாலு, நர்கிஸ் புதுசாக மூன்று. அம்மா அதன் கீழே தன் கையெழுத்தில் "சாமந்தி" என்று சேர்த்திருக்கிறாள். தொடுக்க வேண்டுமே.