கால் நிற்கிற இடம்: ஒரு தையல் கடையின் ஆல்பம் வரிசை

அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். முன்னால் உள்ள பக்கமெல்லாம் தோள், மார்பு, கை நீளம், கழுத்து. கடைசிப் பக்கம் மட்டும் பாட்டு. நோட்டு தீர்ந்து புதுசு வாங்கும்போது பட்டியலையும் பார்த்து எழுதுவேன். எழுதுகிற நேரத்தில் ஒன்று மேலே ஏறும், ஒன்று இறங்கும். 1989இல் திருநெல்வேலி டவுனில், வாகையடி முக்கிலிருந்து கூப்பிடுகிற தூரத்தில் கடை போட்டதிலிருந்து இது நடக்கிறது. தினமும் ஒன்பது மணி நேரம் பாட்டுக் கேட்டுக்கொண்டே பார்க்கிற வேலை வேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

எனக்கு ராகம் தெரியாது. யாராவது கல்யாணி என்றால் ஆமாம் என்பேன், மோகனம் என்றாலும் ஆமாம் என்பேன். என் அளவுகோல் கால்தான். மிதி மெஷினில் தைக்கிறவனுக்குப் பாட்டு காதில் விழுந்து நேரே காலுக்கு இறங்கிவிடும். நல்ல பாட்டு என்றால் கால் அதோடு ஓடும். அதைவிட நல்ல பாட்டு என்றால் கால் நின்றுவிடும். ஊசி துணியைக் குத்தியபடி நிற்க, நானும் அப்படியே உட்கார்ந்திருப்பேன். ஓர் ஆல்பத்தில் எத்தனை இடத்தில் கால் நின்றது, பத்து வருஷம் கழித்தும் அதே இடத்தில் நிற்கிறதா என்பதுதான் கணக்கு. ஃபார்வர்ட் பட்டனுக்குக் கை போனால் மார்க் குறையும்.

முதல் நோட்டுகளில் முதலிடம் 'தளபதி'. 1991இல் வந்தது. பாட்டெல்லாம் வாலி. 'ராக்கம்மா கையத் தட்டு' ஓடும்போது பக்கத் தையல் போட்டால் சட்டை பறக்கும். நேர்த் தையலுக்கு அந்த வேகம் சரி. அதே பாட்டுக்கு அக்குள் வளைவில் கை வைத்தேன் என்றால் நூல் அறுந்துவிடும், பலமுறை அறுந்திருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டின் நடுவே ஓர் இடம் இருக்கிறது. கைதட்டலும் கும்மாளமும் அடங்கி, பெண்கள் குரலில் 'குனித்த புருவமும்' என்று அப்பர் தேவாரம் வரும். அந்த நேரம் கால் நின்றுவிடும். ஓட வைத்ததும் நிற்க வைத்ததும் ஒரே பாட்டு. 2002இல் பிபிசி, பிடித்த பாட்டு எது என்று உலகம் முழுக்க நடத்திய வாக்கெடுப்பில் இதற்கு நான்காம் இடம் கிடைத்தது. செய்தியைப் படித்த அன்று, எங்கள் கடைக்கே பரிசு கிடைத்த மாதிரி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அதே கேசட்டில் 'புத்தம் புதுப் பூ' என்றொரு பாட்டு உண்டு. படத்தில் வரவில்லை. அதனால் அதற்கு எந்த முகமும் கிடையாது, கேட்கிறவனுக்கு மட்டுமே சொந்தம். இன்றைக்கும் 'தளபதி' மூன்றாம் இடத்துக்குக் கீழே போகவில்லை என்றால் பாதிக் காரணம் அந்தப் பாட்டு.

அடுத்த வருஷமே 'ரோஜா' வந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டது. ரகுமானுக்கு அது முதல் படம். கதாநாயகியின் ஊர் சுந்தரபாண்டியபுரம் வேறு, நம்ம தென்காசிப் பக்கம். கேட்க வேண்டுமா? டவுன் பூராவும் அதே பாட்டு. சொந்த கேசட் வாங்குவதற்கு முன்பே ஆறு பாட்டும் மனப்பாடம். முதலிடத்தில் மூன்று நோட்டு வரைக்கும் இருந்தது. அப்புறம் சரிந்தது பாருங்கள், ஐந்துக்குப் போய்விட்டது. தப்பு பாட்டின் மேல் இல்லை. கல்யாண வீடு, சடங்கு வீடு, ஆடிக் கொடை, ஜங்ஷன் போகிற பஸ், எங்கே போனாலும் குழாய் ரேடியோவில் 'சின்னச் சின்ன ஆசை'. அல்வாவே ஆனாலும் மூன்று வேளையும் தின்ன முடியுமா? பல வருஷம் கழித்து மகன் ஹெட்போன் மாட்டிவிட்டபோது 'புது வெள்ளை மழை'யை மறுபடி கேட்டேன். இத்தனை சின்னச் சின்னச் சத்தங்கள் இதற்குள் இருந்ததா என்று ஆகிவிட்டது. கடையின் ஒற்றை ஸ்பீக்கரில் அதில் பாதிகூட விழுந்ததில்லை. நான்குக்கு ஏற்றினேன். அதற்கு மேல் ஏறாது. 'ருக்குமணி' வரும்போது கை தானாக ஃபார்வர்டுக்குப் போகிறது, இன்றைக்கும்.

பாட்டைப் பற்றிச் சொல்லும்போது பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தையல் கடை கேசட் பிளேயருக்கு ஆகாத இடம். துணி வெட்டும்போது பறக்கிற பஞ்சுத் தூசி, நாடாவைப் படிக்கிற ஹெட்டில் போய் அப்பிக்கொள்ளும், சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கிவிடும். மேலே தகரக் கூரை. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு பதிந்து வாங்கும்போது, காசு மிச்சம் என்று 90 நிமிஷ கேசட் வாங்குவேன். அதில் நாடா 60 நிமிஷ கேசட்டைவிட மெல்லிசு. சித்திரை வெயிலுக்கு இளகி ரோலரில் சுற்றிக்கொள்ளும். பென்சிலை விட்டுச் சுற்றி எடுப்பதற்கென்றே காஜா (பட்டன் துளை) போடுகிற பையனுக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். ஒருநாள் நான் சாப்பிடப் போன நேரத்தில் அவன் மெஷினுக்கு எண்ணெய் விட்ட கையோடு பிளேயர் ரோலருக்கும் இரண்டு சொட்டு விட்டுவிட்டான். வந்து பார்த்தால் யேசுதாஸ் நாலு கட்டை இறங்கி, கள் குடித்தவர் மாதிரி பாடிக்கொண்டிருக்கிறார். “அண்ணாச்சி, கரண்டு கம்மி போல”ங்கான்.

சரி, இப்போது முதலிடத்துக்கு வருகிறேன். 'ஹவ் டு நேம் இட்'. 1986இல் இளையராஜா போட்டது. படம் கிடையாது, பாட்டுக் குரல் கிடையாது, வெறும் வாத்தியம். தியாகராஜருக்கும், பாக் என்ற பழைய ஜெர்மன் இசைமேதைக்கும் சமர்ப்பணம். வயலின் வி.எஸ்.நரசிம்மன். மொத்தம் பத்து உருப்படி, அதில் ஒன்றின் பெயரே 'டோன்ட் கம்பேர்', ஒப்பிடாதே என்று அர்த்தம். அதை வாங்கி வைத்துக்கொண்டு ரேங்க் போடுகிறேன் நான்.

முதல் ஐந்தாறு வருஷம் இது பட்டியலின் கடைசியில்தான் கிடந்தது. கடையில் போட்டால் யாருக்கும் பொறுக்காது. “அண்ணாச்சி, இது என்ன எழவு வீட்டுல வாசிக்க மாரி இருக்கு? வேற போடுங்க” என்று துணி கொடுக்க வந்தவர்களே சொல்வார்கள். பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தில் இந்த இசையைத்தான் பின்னணிக்கு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த ஒன்றிரண்டு பேர் மட்டும் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்குத் திறந்தது வேறொருத்தரால். பாளையங்கோட்டையில் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர், பேன்ட் தைக்க என்னிடம்தான் வருவார். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' ஓடிக்கொண்டிருந்தது. அளவு எடுக்கக் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். “இது பாக் எழுதினதுல்லா, தனி வயலினுக்கு. மூணாவது பார்ட்டிட்டா” என்றார், சின்ன உருப்படிகள் கோத்த தொகுப்புக்கு அந்தப் பெயராம். அந்த முன்னூறு வருஷத்துச் சங்கதியை எடுத்து நம்ம ஆள் என்ன செய்திருக்கிறார் என்று வரிவரியாகப் பிடித்துக் காட்டினார். அளவு டேப் அவர் இடுப்பில் சுற்றியபடியே இருக்கிறது, கேசட்டை மூன்று தடவை ரீவைண்ட் செய்தோம்.

அதற்கப்புறம் அது என்னை விடவில்லை. கால் நிற்கும் இடம் முதலில் ஒன்று இருந்தது, வருஷத்துக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே போனது. மற்ற ஆல்பங்களில் குறையும், இதில் கூடும். முதலிடத்துக்கு அது போதும்.

ஆனால் தைக்கும்போது இதைப் போடுவதில்லை. காரணம் ஒரு சட்டை. கொக்கிரகுளத்தில் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிற ஒருவருக்கு வெள்ளைச் சட்டை, தீபாவளிக்கு முந்தின வாரம். ராத்திரி பதினொரு மணிக்கு, ஆள் இல்லையே என்று 'ஹவ் டு நேம் இட்' போட்டேன். காலையில் பார்த்தால் பாக்கெட்டை வலது பக்கம் வைத்து, மூலைக்கு முக்கோணத் தையலும் போட்டு, அழகாக முடித்திருக்கிறேன். பிரித்தால் வெள்ளைத் துணியில் ஊசித் தடம் தெரியும். என் காசில் துணி எடுத்துப் புதுச் சட்டை தைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து வேலை நேரத்தில் அந்த கேசட்டுக்கு இடமில்லை. இப்படித்தான் என் பட்டியல் இரண்டாகப் பிரிந்தது: தைக்கும்போது கேட்க ஒரு வரிசை, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கேட்க ஒரு வரிசை. தைக்கிற வரிசையில் இன்றைக்கும் 'தளபதி' முதலிடம். ரசனை வேறு, கூலி வேறு.

இளையராஜாவின் 'திருவாசகம்' 2005இல் வந்தது. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது, ஆறு பாட்டு. நெல்லையப்பர் கோயிலில் ஓதுவார் பாடிக் கேட்டு வளர்ந்தவள் என் அம்மா. சிவபுராணம் அவளுக்குத் தூக்கத்திலும் வரும். திருவாசகம் என்றால் மோகனத்தில் பாடுவதுதான் வழக்கம். 'பொல்லா வினையேன்' பாட்டைப் போட்டுக் காட்டினேன். இருபது நிமிஷம். நடுவில் ஆங்கிலம் வந்ததும் “ஏன்டா, சிவபுராணத்துக்குள்ள வெள்ளக்காரன் எங்க வந்தான்?” என்று எழுந்துவிட்டாள். எனக்கும் அந்த ஆங்கிலம் பொருந்தவில்லைதான், பட்டில் டெரிகாட்டன் ஒட்டுப் போட்ட மாதிரி. ஆனால் அதே பாட்டில் 'புல்லாகிப் பூடாய்' வந்தபோது வாசல்படி வரை போனவள் திரும்பி, “மிஷின நிப்பாட்டு” என்றாள். என் காலை வேறொருத்தர் நிறுத்தியது அந்த ஒரு தடவைதான். ஐந்தாம் இடம். அம்மா இருந்திருந்தால் இன்னும் கீழே போடச் சொல்வாள்.

1997இல் வந்த ரகுமானின் 'வந்தே மாதரம்' ஆல்பமும் வாங்கினேன். ஆகஸ்ட் மாதம் நன்றாக இருக்கும். வேறென்ன சொல்ல?

காருக்குறிச்சி அருணாசலம் நாகசுரம் ஒரு 60 நிமிஷ கேசட் நிறையப் பதிந்து வைத்திருக்கிறேன், அதைச் சேர்க்கவில்லை. அங்கங்கே பொறுக்கிப் பதிந்தது ஆல்பமாகாது. தவிர, காருக்குறிச்சியாருக்கு நான் ரேங்க் போட்டேன் என்று தெரிந்தால் டவுனில் குடியிருக்க முடியாது.

மிச்சம் இருப்பது 'நத்திங் பட் விண்ட்'. இதுவும் இளையராஜா போட்டது, 1988. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், ஐம்பது பேர் வாத்தியக் குழு, ஐந்தே உருப்படி. இதன் கதை விசித்திரமானது. 2001 வரை இரண்டாம் இடத்தில் இருந்தது. அந்த வருஷம் மெஷினுக்கு மோட்டார் மாட்டினேன். வேலை இரட்டிப்பானது, புல்லாங்குழல் காணாமல் போனது. மோட்டாரின் ரீங்காரமும் குழலின் கீழ்ச்சுரமும் ஒரே இடத்தில் மோதும்போலிருக்கிறது. மேல்சுரம் மட்டும் அங்கங்கே தலை காட்டும். அந்தக் கோபத்தில் ஆறுக்கு இறக்கிவிட்டேன். அப்புறம் 2012இல் கரண்டு வெட்டு. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போகும், எப்போது வரும் என்றே தெரியாது. மோட்டாரைக் கழற்றிவிட்டு மறுபடி மிதித்தேன், பிளேயரில் பேட்டரி போட்டேன். ஆனி மாதம், குற்றாலத்துச் சாரல் காற்று டவுன் சந்துக்குள் வந்து தொங்குகிற துணிகளை ஆட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குழல் பதினோரு வருஷம் கழித்து முழுசாகக் கேட்டது. கால் நின்றது. கரண்டு வந்தும் மோட்டாரை மாட்டாமல் அன்று சாயங்காலம் வரை மிதித்தேன், மறுநாள் முழங்கால் வீங்கிவிட்டது.

இப்போது கடையில் கேசட் கிடையாது. காஜா பையனின் போனிலிருந்து புளூடூத் ஸ்பீக்கருக்குப் பாட்டு வருகிறது. எந்த ஆல்பத்தில் எதற்குப் பிறகு எது என்ற வரிசையெல்லாம் அவனுக்குக் கிடையாது. பி சைடு என்றால் என்ன என்று கேட்கிறான்.

போன மாதம் நோட்டு தீர்ந்தது. புதுசில் ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து எல்லாம் பேனாவில் எழுதிவிட்டேன். இரண்டாம் இடத்தில் 'நத்திங் பட் விண்ட்' என்று பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன். ஆடி பிறக்கட்டும், காற்று ஆரம்பித்ததும் மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் மிதித்துப் பார்க்கிறேன். முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்தாயிற்று.