பள்ளிக்கு முந்தைய பயிற்சிப் பெட்டி: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மகள் மழலையர் பள்ளியில் சேர மூன்று மாதங்கள் இருந்தபோது, வீட்டிலேயே அவளைப் பழக்குவதற்காக இந்தப் பெட்டியை வாங்கினோம். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய தமிழ் எழுத்து அட்டைகள், எண்ணுவதற்கு மரவில்லைகள், கோப்பதற்குப் பெரிய மணிகள், பொத்தானும் ஜிப்பும் தைத்த துணிச் சட்டகம், கத்தரிக்கோல், 3 பயிற்சிப் புத்தகங்கள் ஆகியவை இதில் உள்ளன.

விளம்பரம் எழுத்து அட்டைகளையே முன்னிறுத்தினாலும், எங்களுக்கு மிகுதியும் பயன்பட்டது துணிச் சட்டகம்தான். மேசைமேல் கிடக்கும் சட்டகத்தில் பொத்தான் போடுவதும் உடுத்தியிருக்கும் சட்டையில் போடுவதும் ஒன்றல்ல என்பது இரண்டாம் நாளே தெரிந்தது. கழுத்தருகே உள்ள பொத்தானைக் குழந்தையால் பார்க்கவே முடியாது. ஆகவே சட்டகத்தை அவள் மார்போடு சேர்த்துக் கட்டி, கீழ்ப் பொத்தானிலிருந்து தொடங்கச் செய்தோம். மூன்று வாரங்களில் தன் சட்டையைத் தானே போட்டுக்கொண்டாள். பல பிள்ளைகளை ஒருவரே கவனிக்கும் வகுப்பறையில், கழிப்பறைக்குப் போய்வந்த பிள்ளை தன் உடையைத் தானே சரிசெய்துகொள்வது, எழுத்து தெரிந்திருப்பதைவிட முதல் நாளிலேயே அதற்குத் துணைநிற்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மரவில்லைகள் நான் அறியாதிருந்த ஒன்றைக் காட்டின. இருபது வரை தடையின்றிச் சொல்லும் மகளிடம், "அஞ்சு வில்லை எடுத்துக் கொடும்மா" என்றேன். கை நிறைய அள்ளித் தந்தாள். எண்களை வரிசையாக ஒப்பிப்பது வேறு. ஒவ்வொரு பொருளாகத் தொட்டு எண்ணி, கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம் என உணர்வது வேறு. உடன்வரும் கையேடு இதைப் பற்றி ஒரு வரியும் சொல்லாதது பெருங்குறை.

எழுத்து அட்டைகள் தரமானவை. சொரசொரப்பான எழுத்தை விரலால் வருடிப் பழகும் இந்த முறை, 1907இல் ரோம் நகரில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரியின் கல்விமுறையைச் சேர்ந்தது. ஆனால் கையேடு அகர வரிசையிலேயே பழக்கச் சொல்கிறது. சுழியும் வளைவும் மிகுந்த அ, இ ஆகியவற்றைவிட, நேர்க்கோடுகளாலான ட, ப ஆகியவை பிஞ்சு விரலுக்கு எளியவை. நாங்கள் அவற்றிலிருந்தே தொடங்கினோம்.

கத்தரிக்கோல் எங்களுக்குப் பயன்படவில்லை. மகள் இடக்கைப் பழக்கமுள்ளவள். வலக்கைக்கென அமைந்த கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் அலகுகள் விலகுவதோடு, வெட்டவேண்டிய கோடும் மறைந்துவிடும். தாள் மடங்கியதே தவிர வெட்டுப்படவில்லை. மாற்றித் தர இயலாது என்று விற்பனையாளர் சொல்லிவிட்டதால் வேறொன்று வாங்கினோம்.

பயிற்சிப் புத்தகங்களோ முதல் பக்கத்திலிருந்தே புள்ளிக்கோட்டின்மேல் பென்சிலால் எழுதச் சொல்கின்றன. பென்சிலை உள்ளங்கையால் இறுகப் பற்றும் குழந்தைக்கு அது வேதனை. மணி கோத்தும், குட்டையான கிரேயான் துண்டால் வரைந்தும் விரல்கள் பழகிய பிறகே முதல் புத்தகத்தை எடுத்தோம், மூன்றாவதை இன்னும் திறக்கவில்லை.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையும் வீட்டில் இருந்தால், ஒவ்வொரு முறையும் வில்லைகளை எண்ணிச் சரிபார்த்து எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அவை வாய்க்குள் போகும் அளவில்தான் இருக்கின்றன.