தெர்மோகோல் வெட்டும் கம்பி: நிக்ரோமா, கான்தாலா? பேட்டரியா, அடாப்டரா?

புதுச்சேரிப் பக்கம் சூடான கம்பியால் தெர்மோகோல் வெட்டுபவர்களில் மாதிரி விமானத்துக்கு இறக்கை செதுக்கும் பொறியியல் மாணவர்கள் உண்டு. அலைச்சறுக்குப் பலகைக்கு உள்கூடு செய்பவர்களும் உண்டு. மேடை அலங்காரக்காரர்களைச் சேர்க்கவில்லை. அலங்காரத்துக்கு தெர்மோகோல் பயன்படுத்த 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் தடை. கருவியைச் சொந்தமாகச் செய்ய உட்காரும் எவரும் முதலில் கேட்பது, நிக்ரோம் வாங்கலாமா கான்தால் வாங்கலாமா என்றுதான். கையைச் சுடுவதும் வீட்டை எரிப்பதும் பெரும்பாலும் கம்பியின் வகையால் நடப்பதில்லை. கம்பிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே நடக்கின்றன.

கம்பியை முதலில் முடித்துவிடலாம். நிக்ரோம் 80 என்பது எண்பது பங்கு நிக்கல், இருபது பங்கு குரோமியம். கான்தால் என்பது இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்தது, ஸ்வீடனில் பிறந்தது. கான்தாலின் மின்தடை கூடுதல், 1400 டிகிரி வரை தாங்கும். உலைக்கு அது அருமை. தெர்மோகோலுக்கு இருநூறு முந்நூறு டிகிரி போதும் என்பதால் அந்தப் பெருமை இங்கே பயன்படாது. மேலும், ஒருமுறை நன்றாகச் சிவந்த கான்தால் ஆறிய பிறகு நொறுங்கும் தன்மையை அடைகிறது. வெட்டியின் வில் போன்ற சட்டத்தில் கம்பியை ஸ்பிரிங் போட்டு இழுத்துக் கட்டித்தான் ஆக வேண்டும். 60 சென்டிமீட்டர் கம்பி சூடானால் மூன்று மில்லிமீட்டர் வரை நீண்டு தொய்யும். ஓயாமல் இழுபடும் இடத்தில் நொறுங்கும் கம்பி எதற்கு? நிக்ரோமே என் தேர்வு.

வாங்கும்போது கம்பியின் பருமனைக் குறிக்கும் கேஜ் எண்ணைக் கவனியுங்கள். இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் அமெரிக்க கேஜில் இருக்கும்; நம் ஊர்க் கடையில் கிடைப்பது பிரிட்டிஷ் எஸ்.டபிள்யூ.ஜி. அளவில். இரண்டிலும் 26 என்றே எழுதியிருந்தாலும் முன்னது 0.40 மில்லிமீட்டர், பின்னது 0.46. நிக்ரோமில் மீட்டருக்கு முன்னது சுமார் 8.5 ஓம், பின்னது 6.6 ஓம். 60 சென்டிமீட்டர் வில்லை 12 வோல்ட்டில் இணைத்தால் 2.4 ஆம்பியர் வரும் என்று கணக்குப் போட்டவருக்கு 3 ஆம்பியர் வந்து நிற்கும். இரண்டு ஆம்பியர் அடாப்டர் வாங்கியிருந்தால் இரண்டு கணக்கிலுமே அது போதாது.

இனி மின்சாரம். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்லை நேரே கம்பியில் சேர்ப்பது பலருக்குப் பிடித்த வழி. முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். கையடக்க வெட்டியில் பத்து சென்டிமீட்டர் கம்பி என்றால் தடை 0.66 ஓம்; 6 ஆம்பியருக்கு மேல் பாயும். லேப்டாப் செல்கள் பல அந்த ஓட்டத்துக்கு உருவானவையே அல்ல. செல்லின் உலோக உடல் முழுவதும் எதிர்முனை; மேல் விளிம்பில் உறை சற்றே கிழிந்திருந்தால் நேர்முனையோடு ஒட்டிக்கொள்ள ஒரு திருகு போதும். நடுவில் நிறுத்துவதற்கு எந்தச் சுற்றும் கிடையாது. மெக்கானிக்கல் வேப் எனப்படும் மின்சிகரெட்டின் அமைப்பும் இதேதான்: செல், பொத்தான், சுருள். 2018-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வேப் வெடித்து ஒருவர் இறந்தார். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட் விற்பனையையும் இறக்குமதியையும் தடுத்துவிட்டது. ஆனால் அதே ஆபத்தைத் தெர்மோகோல் வெட்டி என்ற பெயரில் மேசையில் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் தடையில்லை. கொள்ளளவு 9900 எம்.ஏ.ஹெச். என்று அச்சிட்ட 18650 செல்லைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். நல்ல செல்லே 3500 அளவில்தான் நிற்கிறது.

தானே புயலுக்குப் பிறகு இந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் பேட்டரி வந்துவிட்டதால், அதையே எடுத்து மாட்டலாமே என்ற யோசனையும் எழுகிறது. ஈய அமில பேட்டரி லித்தியத்தைப் போலத் தானே தீப்பற்றி எரியாது. ஆனால் குறுக்கிணைப்பு (ஷார்ட் சர்க்யூட்) நேர்ந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், ஸ்பேனரே உருகும். ஃப்யூஸ் இல்லாமல் தொடவே கூடாது. சுவர் பிளக்கிலிருந்து மின்விசிறி ரெகுலேட்டர் வழியாக நேரே கம்பிக்குக் கொடுப்பதை ஒப்பீட்டிலேயே சேர்க்க மாட்டேன். அது உயிரைப் பறிக்கும்.

மிஞ்சுவது குறுக்கிணைப்புப் பாதுகாப்பு உள்ள 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர். கம்பி எங்காவது தொட்டுவிட்டால் தானே அணைந்துகொள்ளும். சூடு கூடுதலாக இருந்தால் எல்.இ.டி. விளக்குக்கான டி.சி. டிம்மரைச் சேர்த்துக் குறைக்கலாம். கம்பி சிவந்தால் சூடு மிக அதிகம் என்று பொருள். தெர்மோகோலுக்கு மின்வெட்டிலும் வெட்டியாக வேண்டிய அவசரம் என்ன இருக்கிறது?

கம்பியின் தடையைச் சோதிக்க மல்டிமீட்டரை நம்புபவர்கள் முதலில் அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்க்க வேண்டும். 0.3 ஓம் காட்டினால் அது மீட்டர் வயரின் தடை, அளவிலிருந்து கழியுங்கள். நீளமான வில்லுக்கு அது போதும். பத்து சென்டிமீட்டர் கம்பிக்கோ அந்த 0.3 ஓமே கம்பித் தடையில் கிட்டத்தட்டப் பாதி என்பதால் இந்த அளவை நம்ப முடியாது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளை கையில் இருந்தால் சரியாக ஓர் ஆம்பியர் செலுத்தி, கம்பியின் இரு முனைகளில் வோல்ட்டை அளவிடுங்கள்: 0.66 வோல்ட் என்றால் 0.66 ஓம். நீளமான வில்லில் குறுக்கிணைப்பு உண்டா என்று மட்டும் பார்க்க நம் எலெக்ட்ரீஷியன்களின் சீரிஸ் பல்பு முறை இருக்கிறது. மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட், 21 வாட் பல்பைக் கம்பியோடு தொடராக இணைத்து மின்சாரம் கொடுங்கள். பல்பு முழுப் பிரகாசமாக எரிந்தால் எங்கோ குறுக்கிணைப்பு. மங்கலாக எரிந்தால், பல்பை எடுத்துவிட்டு நேராக இணைக்கலாம்.

இணைப்புகளை ஈயம் வைத்து ஒட்டாதீர்கள். ஈயம் நிக்ரோமில் சரியாகப் பிடிக்காது, சூட்டில் இளகியும் விடும். பித்தளைத் திருகு நல்லது. தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போன்ற கடலோரத்தில் உப்புக் காற்று அந்தப் பித்தளையைச் சீக்கிரம் பச்சையாக்கும், அங்கே 0.2 ஓம் கூடினாலே 3 ஆம்பியரில் 1.8 வாட் அந்த ஒரே புள்ளியில் சூடாகும். வெட்ட உட்காருமுன் அதைத் தேய்த்து மினுக்கிவிட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். தெர்மோகோல் புகையில் ஸ்டைரீன் இருக்கிறது.