கார்னரேயா, ரஸ்ஸலா?

திமிங்கில வேட்டையைக் காட்டும் பழைய அச்சுப் படங்களில் எனக்கு இரண்டு பேர் முக்கியம். பிரான்சின் லூயி கார்னரே, அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டைச் சேர்ந்த பெஞ்சமின் ரஸ்ஸல்.

கார்னரேயின் ஓவியங்களை 1830களில் மார்ட்டென்ஸ் என்ற செதுக்குநர் செப்புத் தகட்டில் அக்வாடின்ட் என்ற அச்சு முறையில் செதுக்கினார். அவற்றில் ஒன்றில் கடலுக்கு அடியிலிருந்து எழும் திமிங்கிலத்தின் முதுகில் உடைந்த படகு தொங்குகிறது. பார்த்ததும் நெஞ்சு பதறும். இந்த முறையில் தகட்டின் மேல் பிசின் தூளைத் தூவி அமிலத்தில் அரிக்கவிடுவதால் வானமும் நுரையும் அத்தனை மென்மையாக வந்திருக்கின்றன. தாளின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், தகடு அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். ஓரத்தை வெட்டிச் சட்டமிட்டிருந்தால் அந்த அடையாளம் போய்விடும், பாவம்.

ரஸ்ஸலின் படங்கள் கல்லச்சு, அதாவது தட்டையான கல்லில் வரைந்து அச்சிட்டவை, அதனால் அந்தப் பள்ளம் இருக்காது. அவர் 1841 முதல் 1845 வரை வேட்டைக் கப்பலிலேயே பயணம் செய்தவர். பாய்மரக் கயிறு ஒவ்வொன்றும் சரியான இடத்தில் இருக்கும். அலைகள் மட்டும் கொஞ்சம் விறைப்பு.

சுவரில் மாட்ட கார்னரே. ஆனால் அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள நான் ரஸ்ஸலைத்தான் எடுப்பேன்.