வெள்ளவத்தையில் ஒரு மின்னியலாளரின் சேவை

இரண்டு வாரமாக எங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துகொண்டே இருந்தது. முதலில் வந்தவர் எதையும் சோதிக்காமல் புதிய சுவிட்சைப் பொருத்திக் கூலி பெற்றுச் சென்றார்; அதுவும் அன்றிரவே விழுந்தது.

இரண்டாவதாக வந்த இளைஞரோ, 30 மில்லி அம்பியர் கசிவுக்கே அது விழக்கூடும் என்று விளக்கி, பிரேக்கர்கள் அனைத்தையும் அணைத்த பின்னரும் அது விழுந்ததைக் கண்டு, பிரேக்கர்கள் துண்டிக்காத, மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி எங்கோ எர்த் எனும் நிலக் கம்பியைத் தொடுவதாக ஊகித்து, நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மின்காப்பைச் சோதிக்கும் 500 வோல்ற்று மெகரால் அளந்தார். கடற்காற்றில் துருவேறிய பல்கனி பிளக்கே குற்றவாளி. (அதை நாங்கள் பயன்படுத்துவதேயில்லை!) ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார் என்பது மட்டுமே குறை. கூலி நியாயமானது, வேலையும் சுத்தம்.