‘2017 புது மாடல்’ என்று சொல்லி விற்ற கார்: பழைய கார் தேடுபவர்கள் கவனத்துக்கு

டிக்கிக்குள் இருந்த ஸ்டெப்னியைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெக்கானிக் சிரித்தார். "அண்ணா, இது 2017 வண்டின்னு யாருங்ணா சொன்னது?"

டயரின் பக்கவாட்டில் சின்ன நீள்வட்டத்துக்குள் 3616 என்று நான்கு எண்கள். 2016ஆம் ஆண்டின் 36ஆவது வாரத்தில் தயாரான டயர் என்று அர்த்தம். ஓடுகிற நான்கு சக்கரங்களுக்கும் புது டயர் மாட்டியிருந்தார்கள். ஸ்டெப்னியை யாரும் தொடவில்லை. டயரை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது, காரை விட டயர் சில மாதம் மூத்ததாக இருப்பது சகஜம்தான். ஆனால் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆர்.சி.யைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. "இதுலயே போட்டிருக்குதுங்ளே" என்று திருப்பிக் கொடுத்தார்.

நான் காசு கொடுத்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

கதை இதுதான். வேலை நிமித்தம் தினமும் திருப்பூரிலிருந்து கோவைக்குப் போய்வர வேண்டும், ஓட்டம் அதிகம் என்பதால் டீசல் கார் தேடிக்கொண்டிருந்தேன். கையில் நாலு லட்சம். கோவையில் பழைய கார் விற்கும் ஒரு யார்டில் வெள்ளை நிற கிராண்ட் ஐ10 டீசல் நிற்பதாகப் புரோக்கர் படம் அனுப்பினார். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "2017 புது மாடல், சிங்கிள் ஓனர், 58,000 ஓடியது, டாக்டர் வண்டி." தமிழ்நாட்டில் விற்பனைக்கு வருகிற பழைய கார்களில் பாதி டாக்டர்கள் ஓட்டியவைதான் போலிருக்கிறது. அப்போது எனக்கு இந்தச் சந்தேகம் வரவில்லை.

‘புது மாடல்’ என்ற சொல்லுக்கு இந்தக் காரில் ஒரு தனி அர்த்தம் உண்டு. கிராண்ட் ஐ10 இந்தியாவில் 2013 செப்டம்பரில் வந்தது. 2017 பிப்ரவரியில் அதன் முகத்தை மாற்றினார்கள். முன்பக்கம் பெரிய கிரில், புது பம்பர், மேல் வேரியன்ட்களில் ஃபாக் லேம்ப் பக்கத்தில் பகலிலும் எரியும் எல்.இ.டி. டிஆர்எல் விளக்கு. பின்பக்க பம்பரில் கறுப்புப் பட்டையும் வட்ட ரிஃப்ளெக்டர்களும் வந்தன. இதெல்லாம் மேக்கப். முக்கியமான மாற்றம் உள்ளே இருக்கிறது. டீசலில் அதுவரை இருந்தது 1120 சிசி இன்ஜின், 71 குதிரைத்திறன். புதியதில் 1186 சிசி, 75 குதிரைத்திறன். முறுக்குவிசை (டார்க்) 160 நியூட்டன் மீட்டரிலிருந்து 190க்கு ஏறியது. ஏ.சி. போட்டுக்கொண்டு நாலு பேரோடு மேடு ஏறினால் இரண்டுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். அதனால்தான் இரண்டுக்கும் விலையும் வேறு.

நான் பார்த்த வண்டியில் முன்பக்கம் புது கிரில், புது பம்பர், டிஆர்எல் எல்லாம் ஜம்மென்று இருந்தன. பின்பக்கம் மட்டும் பழைய பம்பர். அதை நான் கவனிக்காமல் இல்லை, கேட்டேன். "வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறுமுங்க தம்பி" என்றார் யார்டுக்காரர். நானும் தலையாட்டினேன். முன் பம்பர், கிரில், விளக்கு எல்லாம் உதிரியாகக் கிடைக்கிற பொருள்தான். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பாதி விலைக்கே கிடைக்கும். கொஞ்சம் செலவழித்து ஒரு காரின் வயதைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். பின் பம்பருக்குச் செலவு செய்ய மனம் வரவில்லை போல.

சரி, ஆர்.சி.யில் என்ன இருந்தது? பதிவு தேதி 2017 மார்ச். அதை மட்டும்தான் நான் பார்த்தேன். அதற்குக் கீழே தயாரிப்பு மாதம், ஆண்டு என்று தனியாக ஓர் இடம் இருக்கிறது. அதில் 10/2016. கியூபிக் கபாசிட்டி என்ற இடத்தில் 1120. இரண்டும் ஒளிவு மறைவில்லாமல் அச்சாகியிருந்தன. டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அந்த ஆர்.சி.யின் படம் என் போனில் இருந்தது. மூன்று நாள் இருந்தது.

நடந்தது என்னவென்று யோசித்தால் எளிதுதான். 2016 அக்டோபரில் தயாரான கார், ஷோரூமில் நின்று, புது முகம் வந்த பிறகு பழைய ஸ்டாக்காகத் தள்ளுபடியில் விற்றிருக்கும். அதில் தப்பு எதுவும் இல்லை. முதல் உரிமையாளர் தெரிந்தேதான் வாங்கியிருப்பார். ஏழு வருடம் கழித்து ‘2017இல் பதிவானது’ என்பதை ‘2017 புது மாடல்’ ஆக்கியது யார்டுக்காரரின் கைங்கரியம்.

சேசிஸ் எண்ணிலும் வருடம் இருக்கிறது. பதினேழு எழுத்துகளும் எண்களும் கொண்ட வரிசை அது. பத்தாவது இடத்தில் உள்ள எழுத்து வருடத்தைச் சொல்லும். 2010க்கு ஏ, 2011க்கு பி என்று வரிசையாகப் போகும். 2016க்கு ஜி, 2017க்கு ஹெச். ஒன்று, பூஜ்யத்தோடு குழப்பம் வரக்கூடாது என்பதற்காக ஆங்கில ஐ, ஓ, கியூ எழுத்துகளைச் சேர்க்க மாட்டார்கள், அதனால் 2018க்கு ஜே. என் காரில் பத்தாவது எழுத்து ஜி. இந்த முறையை எல்லாக் கம்பெனிகளும் எல்லா வருடமும் ஒரே மாதிரி பின்பற்றவில்லை, பத்தாவது இடத்தில் பூஜ்யம் மட்டுமே உள்ள கார்களும் ஓடுகின்றன. அப்படிப்பட்ட வண்டிக்கு ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதம்தான் கணக்கு. காரில் அடித்திருக்கும் எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்பதையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுவிடுங்கள்.

மெக்கானிக் அதோடு விடவில்லை. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தார். அடியில் தைத்திருந்த லேபிளில் தயாரிப்பு தேதி, அதுவும் 2016. பெல்ட்டை இழுத்ததற்கு இன்னொரு காரணமும் சொன்னார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் பெல்ட்டின் உள்பகுதியில் சேற்றுக்கறை ஒரு கோடாகத் தங்கியிருக்கும், சீட்டை, தரைவிரிப்பை எல்லாம் கழுவுகிறவர்கள் அதை மறந்துவிடுவார்களாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்று நமக்குத் தெரியும். அவையெல்லாம் காயலான் கடைக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறீர்களா? சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளம் துருப்பிடித்திருக்கிறதா, ஸ்டெப்னி இருக்கும் குழியில் மண் படிந்திருக்கிறதா என்றும் பார்த்தார். நல்லவேளை, அந்தக் கண்டம் மட்டும் எனக்கு இல்லை.

அடுத்த இடி கிலோமீட்டர். மீட்டரில் 58,000. பதிவு எண்ணை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் ஒன்றில் போய்க் கேட்டேன். கடைசியாக அங்கே வண்டி வந்தது 2021இல். அப்போதே 96,000 தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு எங்கே எவ்வளவு ஓடியதோ. இப்போதைய டிஜிட்டல் மீட்டரைத் திருப்புவது பழைய முள் மீட்டரை விடச் சுலபம் என்றார் மெக்கானிக். லேப்டாப் இருந்தால் போதுமாம். மீட்டரை நம்பாமல் கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பரையும் ஸ்டீயரிங்கில் கை படும் இடத்தையும் பாருங்கள். என் வண்டியில் கிளட்ச் மிதியின் ரப்பர் மட்டும் புத்தம் புதிது. அறுபதாயிரம்கூட ஓடாத வண்டிக்கு எதற்குப் புது ரப்பர் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வண்டியைப் பார்க்கப் போன அன்று இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தது. "இப்பத்தான் கழுவி எடுத்துட்டு வந்தமுங்க" என்றார்கள். இது பழைய தந்திரம். டீசல் இன்ஜினின் நோயெல்லாம் காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் வெளியே தெரியும். போனதும் பானெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் "நாளைக் காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஸ்டார்ட் ஆன பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக்கூடாது. வந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் இருந்து வாயு கீழே கசிகிறது, இன்ஜின் வேலை காத்திருக்கிறது. என் வண்டியில் அந்த அளவுக்கு இல்லை, லேசாகத்தான் இருந்தது. ஆனால் கிளட்ச் வழுக்கியது. நாலாவது கியரில் அழுத்தினால் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம். மின்சார பவர் ஸ்டீயரிங் உள்ள இந்த வகைக் கார்களில் உள்ளே ஒரு சின்ன ரப்பர் கப்ளிங் தேய்ந்தால் வருவது அது. பொருள் மலிவு, கழற்றி மாட்டும் கூலிதான் அதிகம். பள்ளத்தில் இறங்கினால் முன்னால் கடகட, அது சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடு. இவையெல்லாம் லட்சம் கிலோமீட்டர் ஓடிய எந்தக் காரிலும் வருகிற தேய்மானம். காரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. லட்சம் ஓடிய கார் என்று சொல்லி, அதற்குத் தகுந்த விலைக்குக் கொடுத்திருந்தால் நானே சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

இன்னொரு தடயமும் கையிலேயே இருந்தது. பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் வாங்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, 20 சதவீதம். ஒரே உரிமையாளர், கிளெய்மே இல்லாமல் ஐந்து வருடம் ஓட்டியிருந்தால் அது 50 சதவீதத்துக்குப் போயிருக்கும். 20 என்றால் கொஞ்ச காலத்துக்கு முன் ஒரு கிளெய்ம் வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இடது பக்க முன் ஏப்ரனில் (பானெட்டுக்குள் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு) பட்டி போட்டு டிங்கரிங் செய்த அடையாளம் இருப்பதை மெக்கானிக் விரலால் தட்டிக் காட்டினார். சத்தமே வேறாக இருந்தது.

யார்டுக்குத் திரும்பிப் போனேன். முதலில் "ஆர்.சி.யைக் காட்டித்தானுங்க கொடுத்தோம்" என்றார்கள். அது உண்மைதான், அதனால்தான் வயிறு எரிந்தது. கிலோமீட்டர் பற்றிக் கேட்டதும் "நாங்க தொடலைங்க, ஓனரைக் கேளுங்க" என்றார்கள். அப்போதுதான் புரோக்கரின் வாட்ஸ்அப் வரியை எடுத்துக் காட்டினேன். யார்டில் கொடுத்த ரசீதிலும் ‘2017 மாடல்’ என்று கையால் எழுதி முத்திரை வைத்திருந்தார்கள். அந்தக் கிறுக்கல் இல்லையென்றால் எனக்கு ஒரு பைசாவும் திரும்பியிருக்காது.

பழைய வண்டி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்தார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. சான்று இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் அப்ளை பண்ணியிருக்கோம்" என்று பேச்சை மாற்றினார். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் தயாராக இருந்தேன். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணமே கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போனால் போதும். வக்கீல் நோட்டீஸ் போன மறுவாரம் யார்டிலிருந்து போன் வந்தது.

நான் கொடுத்தது 3,95,000. மெக்கானிக்கும் அவருக்குத் தெரிந்த இரண்டு பேரும் சொன்ன நியாயமான விலை மூன்றேகால். பேசிப் பேசி 40,000 திருப்பிக் கொடுத்தார்கள். வழக்கு நடத்த அலைவதற்குப் பதிலாக வாங்கிக்கொண்டேன், அது சரியா தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. கிளட்ச், கப்ளிங், லிங்க் ராடு எல்லாம் அந்தக் காசில் மாற்றியாகிவிட்டது. கார் ஓடுகிறது. இடது பக்க டிஆர்எல் மட்டும் போன மாதத்திலிருந்து எரிவதில்லை. பம்பரைக் கழற்றிப் பார்த்தால் பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து இரண்டு துண்டு இழுத்து இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே விட்டுவிட்டேன்.